தவளைக்கு ஒரு கம்பு, தகட்டுக்கு ஒரு கம்பு

மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களில் விராலுக்குத் தூண்டில் போடுகிறவர்கள் இன்று இரண்டு தரப்பு. ஒரு தரப்பின் கையில் பத்து, பன்னிரண்டு அடி மூங்கில் கம்பு இருக்கும். அதன் நுனியில் கட்டிய நரம்பு, முள்ளில் கோத்த மண்புழு அல்லது சிறு மீன். இன்னொரு தரப்பிடம் ஆறரை அடி, ஏழு அடி கார்பன் கம்பு, ரீல், ரப்பர் தவளை. மூங்கில்காரருக்குக் கம்பு பற்றிய கவலை அதிகமில்லை. நேராகவும் உலர்ந்தும் இருந்தால் போதும். கார்பன் கம்பு வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை கிலோ மீன் தாங்கும்?” என்பது. கடைக்காரரும் ஐந்து கிலோ, பத்து கிலோ என்று ஏதோ ஓர் எண்ணைச் சொல்லி அனுப்பிவிடுகிறார். அந்த எண்ணால் பயன் மிகக் குறைவு. லூர் எனப்படும் போலி இரையின் எடை, இழுக்கும்போது நீரில் அது தரும் எதிர்ப்பு, அதில் உள்ள முள்ளின் வகை, மீன் பதுங்கியிருக்கும் செடி கொடி ஆகிய நான்கையும் பார்த்துத்தான் கம்பு தேர வேண்டும். மீனின் எடைக்கு ஐந்தாவது இடம்தான்.

மீனிலிருந்தே தொடங்கலாம். இந்தக் கண்மாய்களின் விரால், சன்னா ஸ்ட்ரையேட்டா என்ற இனம். ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ இருந்தால் நல்ல மீன்; இரண்டைத் தாண்டினால் ஊரே பேசும். இதன் உறவான பூவிரால் பத்து கிலோவையும் தொடக்கூடியது, ஆனால் அது ஆழமான ஆறுகளிலும் பெரிய நீர்த்தேக்கங்களிலும் வாழ விரும்புவது. சிறிய உறவான குரவை, கால் கிலோவுக்குள் அடங்கிவிடும். மூன்றுக்கும் செவுள்களுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கும் தனி உறுப்பு ஒன்று உண்டு. வளர்ந்த விரால் அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கியே தீர வேண்டும். மேலே வரவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும். சந்தையில் ஈரச்சாக்குக்கு அடியில் மணிக்கணக்கில் அது உயிரோடு கிடப்பதும் இந்த உறுப்பால்தான். தூண்டில்காரருக்கு இதில் ஒரு லாபம் இருக்கிறது. மூச்சு வாங்க வரும் மீன் நீர்ப்பரப்பில் ஒரு வளையத்தை விட்டுச் செல்லும். அதைப் பார்த்து, அந்த இடத்துக்குச் சற்று அப்பால் தவளையை விழவைத்து, வளையத்தின் மேலாக இழுத்துவருவதே விரால் வேட்டையின் பாதி.

விரால் துரத்தி வேட்டையாடும் மீன் இல்லை, பதுங்கியிருந்து பாயும். பதுங்க இடம் வேண்டும், அதற்குக் கண்மாயில் பஞ்சமே இல்லை. அல்லி, தாமரை, வேலம்பாசி, சம்பு, கோரை, ஆகாயத்தாமரை, கரையோரம் நெய்வேலிக் காட்டாமணக்கு, உள்வாயில் தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்கள். முள் பட்ட விரால் செய்யும் முதல் காரியம் இவற்றில் ஒன்றுக்குள் தலையைச் செருகுவது. ஒன்றரைக் கிலோ மீன் நான்கைந்து கிலோ ஈரக்கொடியோடு சேர்ந்து வரும்போது கம்பு இழுப்பது மீனை மட்டுமல்ல, கண்மாயின் ஒரு துண்டையும் சேர்த்துத்தான். ஒரு கிலோ மீனுக்கு இவ்வளவு விறைப்பான கம்பு எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதற்கு இதுவே விடை. இதே மீன் செடி இல்லாத கிணற்றில் கிடந்தால், அதில் பாதி வலுவுள்ள கம்பே போதும்.

கம்பின் அடிப்பகுதியில், கைப்பிடிக்குச் சற்று மேலே, பொடி எழுத்தில் சில குறிகள் அச்சிடப்பட்டிருக்கும். நீளம் அடியிலும் அங்குலத்திலும் இருக்கும். பக்கத்தில் எல், எம், எம்ஹெச், ஹெச், எக்ஸ்ஹெச் என்று ஓர் எழுத்துக் குறி. இது பவர், அதாவது கம்பை வளைக்க எவ்வளவு விசை தேவை என்பதன் அளவு. எல் என்றால் லைட், எம் என்றால் மீடியம், எம்ஹெச் மீடியம் ஹெவி, அப்படியே மேலே போகும். அடுத்து 7-28 கிராம் என்பது போல ஓர் எண் வரம்பு. இதுதான் கம்பு வீசக்கூடிய இரையின் எடை. சில கம்புகளில் இது அவுன்ஸில் இருக்கும். ஓர் அவுன்ஸ் ஏறத்தாழ 28 கிராம். பிறகு நரம்பின் வலு பவுண்டில். இவற்றோடு ஆக்‌ஷன் என்ற சொல்லும் வரும். பவரோடு இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். கம்பு எங்கே வளைகிறது என்பதே ஆக்‌ஷன். நுனியின் மூன்றில் ஒரு பங்கு மட்டும் வளைந்தால் ஃபாஸ்ட், பாதிவரை வளைந்தால் மாடரேட், கைப்பிடி வரை வளைந்தால் ஸ்லோ. பவர் அதிகமாகவும் ஆக்‌ஷன் ஸ்லோவாகவும் உள்ள கம்பு உண்டு, பவர் குறைந்து ஆக்‌ஷன் ஃபாஸ்ட்டாக உள்ள கம்பும் உண்டு. ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும்: எம், எம்ஹெச் போன்ற குறிகளுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான தர அளவு கிடையாது. ஒருவரது மீடியம் இன்னொருவரது மீடியம் ஹெவியாக இருக்கலாம். ஆகவே எழுத்தைவிடக் கிராம் கணக்கை நம்புவது நல்லது. அதையும் கொஞ்சம் சந்தேகத்தோடு.

இந்தக் கிராம் கணக்கு எதற்காக? வீச்சின்போது நடப்பதைப் பார்த்தால் புரியும். இரை நுனியில் தொங்க, கை கம்பை முன்னோக்கி விசிறுகிறது. இரை தன் நிலைமத்தால் பின்தங்குகிறது. கம்பு பின்பக்கம் வளைகிறது. அந்த வளைவில் சேரும் ஆற்றல், கம்பு நிமிரும்போது இரைக்குப் போய்ச் சேருகிறது. 10 கிராம் ரப்பர் தவளை, பத்தில் ஒரு நொடியில், நொடிக்கு 25 மீட்டர் வேகத்தை அடைகிறது என்று வைத்துக்கொண்டால், அந்தக் கணத்தில் அது நுனியைப் பின்னுக்கு இழுக்கும் விசை ஏறக்குறைய கால் கிலோ எடைக்குச் சமம். கால் கிலோவுக்கு அழகாக வளையும் நுனி இருந்தால் தவளை அம்புபோல் பாயும். நுனி அதற்கு அசையாத அளவு விறைப்பாக இருந்தால் கம்பில் ஆற்றலே சேராது. தோள் வலிக்க வீசினாலும் தவளை பதினைந்து அடியில் விழும். நுனி மிகவும் மெலிதாக இருந்தால், வளைந்த கம்பு நிமிர நேரமில்லாமல் இரை எங்கோ போய்ச் சாயும். விரால் கம்பு என்று கையைப் போன்ற தடிமனில் ஒன்றை வாங்கிவிட்டு, தவளை தூரம் போகவில்லை என்று ரீலைக் குறை சொல்வது இங்கே அன்றாடக் காட்சி.

இந்தக் கணக்கின் மறு எல்லையை வட அமெரிக்காவில் பார்க்கலாம். அங்கே பெரிய ஏரிகளிலும் அவற்றைச் சார்ந்த ஆறுகளிலும் மஸ்கி என்ற மீன் வாழ்கிறது. முழுப்பெயர் மஸ்கெலஞ்ச், விராலுக்கு உறவில்லை, பைக் என்ற மீனின் குடும்பம். ஆனால் குணம் விராலேதான்: செடிக்குள் பதுங்கல், திடீர்ப் பாய்ச்சல், வாய் நிறையப் பல். 1949-ல் விஸ்கான்சின் மாநிலத்தில் பிடிபட்ட 67 பவுண்டு மஸ்கி, அதாவது சுமார் 30 கிலோ, உலகச் சாதனைப் பட்டியலில் இடம்பெற்றது. பத்தாயிரம் முறை வீசினால் ஒரு முறை கிடைக்கும் மீன் என்பது அந்த ஊர்ப் பேச்சு. பெரிய இரையைத்தான் அது மதிக்கும் என்பதால் அதற்கான இரைகள் 30 கிராமில் தொடங்கி, அரைக் கிலோவை நெருங்கும் ரப்பர் மீன்கள் வரை போகின்றன. 300 கிராம் இரையை 0.15 நொடியில் நொடிக்கு 20 மீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோக வேண்டுமானால் நுனியில் விழும் விசை நான்கு கிலோ எடைக்குச் சமம். மீன் கடிக்கும் முன்பே, வெறும் வீச்சிலேயே இவ்வளவு. மஸ்கி கம்புகள் எட்டரை, ஒன்பது அடி நீளத்தில், எக்ஸ்ஹெச் பவரிலும் அதற்கு மேலும், 80 பவுண்டு நரம்போடு செய்யப்படுவதற்கு மீனைவிட இரையே பெரிய காரணம். அந்தக் கம்பை வண்டியூர்க் கண்மாய்க்குக் கொண்டுவந்தால் 10 கிராம் தவளையை அது அசைத்துக்கூடப் பார்க்காது.

மஸ்கி பிடிக்கிறவர்கள் ஒரே மீனுக்கு மூன்று நான்கு கம்பு வைத்திருப்பார்கள். சுழல் தகடுக்கு ஒன்று, வெட்டி வெட்டி இழுக்கும் மர இரைக்கு ஒன்று, கனத்த ரப்பருக்கு ஒன்று. இதே பிரிவு, பத்தில் ஒரு பங்கு எடையில், விராலுக்கும் பொருந்தும்.

விராலுக்கு முதல் இரை ரப்பர் தவளை. உள்ளே காற்று நிறைந்த மெல்லிய ரப்பர் உடல், முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும் இரட்டை முள். எடை பெரும்பாலும் 6 முதல் 15 கிராம். முள் முதுகில் ஒளிந்திருப்பதால் அல்லி இலை மேலும் பாசி மேலும் சிக்காமல் ஊர்ந்து வரும். அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு: மீன் வாயை மூடி, ரப்பர் நசுங்கி, முள் வெளியே தலைகாட்டி, அதன் பிறகு விராலின் கெட்டித் தாடையில் இறங்க வேண்டும். இரண்டு தடித்த முள், எலும்பு வாய், நடுவே ரப்பர். இதற்கு வலுவான சுண்டல் தேவை. கம்பின் நடுப்பகுதியும் அடிப்பகுதியும் விறைப்பாக இருந்தால்தான் கையின் சுண்டல் முள்ளின் கூர்முனை வரை போய்ச் சேரும். ஆனால் நுனி மட்டும் 10 கிராமுக்கு வளைய வேண்டும், தவளையை இலைமேல் தத்தித் தத்தி நடக்கவும் வைக்க வேண்டும். மென்மையான நுனி, முரட்டு அடி: இந்த இரண்டையும் ஒரே கம்பில் தருவது ஃபாஸ்ட் ஆக்‌ஷன். தவளைக்கு எம்ஹெச் பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன், ஆறரை முதல் ஏழு அடி என்று அனுபவசாலிகள் சொல்வதன் காரணம் இதுதான். சம்பும் கருவேலும் அடர்ந்த இடமானால் ஹெச் பவர். இங்கே இன்னொரு பாடமும் உண்டு. தண்ணீர் தெறித்ததும் சுண்டிவிடக் கூடாது. விரால் தவளையை வாய்க்குள் கொண்டுபோய்த் திரும்பும் வரை ஒரு மூச்சு நேரம் பொறுக்க வேண்டும். மெல்லிய நுனி அந்தப் பொறுமைக்கும் உதவுகிறது; இழுப்பை மீன் உடனே உணர்வதில்லை.

கம்பின் விறைப்பை நரம்பு கெடுத்துவிடவும் கூடும். தங்கூசி என்று இங்கே வழங்கும் நைலான் நரம்பு, அறுபடும் முன் தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ நீளக்கூடியது. 25 மீட்டர் தூரத்தில் கிடக்கும் தவளையில் விரால் விழுகிறது. நரம்பு ஐந்து சதவீதம் மட்டும் நீண்டாலும் ஒன்றேகால் மீட்டர் போய்விடும். சுண்டும்போது கம்பின் நுனி நகர்வதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கை முழு வலுவோடு சுண்ட, அந்தப் பக்கம் முள் அசையாமல் இருக்கும். பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டு நரம்பு மிகக் குறைவாகவே நீளும்; தவளை இரைக்கு அது ஏறக்குறைய கட்டாயம். ஆனால் நீளாத நரம்பும் விறைப்பான கம்பும் சேரும்போது அதிர்ச்சியைத் தாங்க எதுவும் மிஞ்சுவதில்லை. ரீலின் பிரேக்கை, நரம்பின் வலுவில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குத் தளர்த்தி வைக்க வேண்டியிருப்பது அதனால்தான். செடிக்குள் மீன் பிடிக்கிறவர்கள் சற்று இறுக்கி வைப்பார்கள். அதற்கேற்பத் தடித்த நரம்பும் போடுவார்கள்.

அடுத்தது தகடு. ஸ்பூன், ஸ்பின்னர், ஸ்பின்னர்பெய்ட் என்று பல பெயர். எல்லாவற்றிலும் ஓர் உலோகத் தகடு நீரில் ஆடுகிறது அல்லது சுழல்கிறது. இந்த இரைகளின் எடை 7 கிராமாக இருக்கலாம், ஆனால் கம்பு உணர்வது எடையைவிட நீரின் எதிர்ப்பை. நீரின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். ரீலை இரண்டு மடங்கு வேகமாகச் சுற்றினால் இழுப்பு நான்கு மடங்காகும். மஸ்கிக்கான பெரிய இரட்டைத் தகடு இரையை நாள் முழுக்க இழுத்தவருக்குத் தோள் கழன்றுபோவது இதனால்தான். விறைப்பான தவளைக் கம்பில் தகடு கட்டினால் இரண்டு தொல்லை. தகட்டின் துடிப்பு நேராகக் கைக்கு வந்து சோர்வைத் தரும். ஓடும் இரையை மீன் பின்னாலிருந்து கவ்வும்போது கம்பு வளைந்துகொடுக்காமல் இரையை வாயிலிருந்து பறித்துவிடும். தகட்டுக்கு எம் பவர், மாடரேட் அல்லது மாடரேட் ஃபாஸ்ட் ஆக்‌ஷன் பொருத்தம். மீன் தானாக முள்ளில் ஏறும் அளவுக்கு நுனி பின்வாங்கிக் கொடுக்கும். இங்கே பெரிய சுண்டல் தேவையில்லை. ரீலைத் தொடர்ந்து சுற்றிக்கொண்டே கம்பை ஒருபக்கம் சாய்த்தால் போதும்.

மீன் வடிவப் பிளாஸ்டிக் இரை, வாய்க்குக் கீழே உதடு நீட்டிக்கொண்டிருக்கும் கிராங்க்பெய்ட், பளபளக்கும் மின்னோ, எச்சில் துப்புவதுபோல் தண்ணீரைத் தெறிக்கவிடும் பாப்பர் ஆகிய எல்லாவற்றிலும் மூன்று கிளை முள் இரண்டு தொங்கும். கம்பி மெல்லியது, முனை கூரியது. லேசாகப் பட்டாலே ஏறிவிடும், ஆனால் ஆழமாக ஏறாது. முரட்டுக் கம்பால் வெட்டி இழுத்தால் சதை கிழிந்து மீன் போய்விடும், அல்லது முள் நிமிர்ந்துவிடும். இவற்றுக்கு வளைந்து கொடுக்கும் கம்பே வேண்டும். ஃபைபர்கிளாஸ் எனப்படும் நார்க்கண்ணாடிக் கம்பை இன்றும் சிலர் விரும்பி வைத்திருப்பது கிராங்க்பெய்ட்டுக்காகத்தான். கண்மாயில் இந்த இரைகளுக்கு வேலை குறைவு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். திறந்த மூன்று கிளை முள் பத்தடி வருவதற்குள் ஒரு கைப்பிடி வேலம்பாசியைச் சுமந்து வரும். மடைக்கு முன்னுள்ள ஆழத்திலும், கலுங்குக்குப் பக்கத்துத் தெளிந்த நீரிலும், பாசி ஏறாத கிணறுகளிலும், கால்வாய் ஓட்டத்திலும்தான் இவற்றுக்கு மதிப்பு. ரப்பர் புழு வேறு ரகம். முள்முனையை ரப்பருக்குள்ளேயே புதைத்துக் கோத்தால் அதுவும் தவளையைப் போலச் செடிக்குள் போகும். ஆகவே கம்பும் தவளைக் கம்பே, நுனி மட்டும் இன்னும் உணர்ச்சியுள்ளதாக இருந்தால் நல்லது.

வைகை அணை நீர்த்தேக்கத்தில் நிலைமை முற்றிலும் மாறும். 1959-ல் ஆண்டிபட்டிக்கு அருகே கட்டி முடிக்கப்பட்ட இந்த அணையில் கட்லா, ரோகு போன்ற பெருங்கெண்டைகள் உண்டு. கட்லா லூரைத் துரத்துவதில்லை. மாவு உருண்டைக்கும் தவிட்டு உருண்டைக்குமே வரும். ஈயக்குண்டும் மாவுமாக 60, 80 கிராமைத் திறந்த நீரில் தூரமாக எறிய வேண்டும், பிறகு எட்டு பத்து கிலோ மீனை ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும். இதற்கு ஒன்பது, பத்து அடிக் கம்பு, கைப்பிடி வரை வளையும் ஆக்‌ஷன். விராலைவிடப் பல மடங்கு பெரிய மீனுக்கு விரால் கம்பைவிட மென்மையாக வளையும் கம்பு போதும். காரணம், அங்கே தலையைச் செருகச் செடி இல்லை.

நீளம் பற்றி ஒரு கணக்கு. ஒரே குழாயை நீட்டினால் அதன் வளைவு நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப அதிகரிக்கும். ஆறரை அடியை ஏழு அடியாக்கினால் நீளம் எட்டு சதவீதம்தான் கூடுகிறது, வளைவோ இருபத்தைந்து சதவீதம். ஆகவே நீளமான கம்பை விறைப்பாக வைக்கக் குழாயைத் தடிப்பாக்க வேண்டும், எடை கூடும். நீளக் கம்புக்கு வீச்சுத் தூரம் அதிகம், கரையோரச் சம்புக்கு மேலாக நரம்பைத் தூக்கிப்பிடிக்கவும் வசதி. குட்டைக் கம்பு கருவேல மரக்கிளைகளுக்கு நடுவே தோதானது. பாப்பர் போன்ற இரையைக் கீழ்நோக்கிச் சுண்டும்போது நுனி தண்ணீரில் அடிக்காது. மஸ்கிக்காரர்கள் நீளத்தை விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பின்தொடர்ந்து படகுவரை வந்துவிட்டுக் கடிக்கத் தயங்கும் மீனுக்காக, நுனியைத் தண்ணீருக்குள் விட்டு இரையைப் பெரிய எட்டு வடிவத்தில் சுற்றுவார்கள். கம்பு நீளமானால் வளைவும் அகலமாகும்.

நீளம் கூடும்போது கையின் பாடும் கூடும். தூண்டில் கம்பு ஒரு நெம்புகோல்தான், ஆனால் அதன் அனுகூலம் மீன் பக்கம். கம்பின் அடி முழங்கையில் ஊன்றியிருக்க, முன்கை அதிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்திருக்கிறது. நுனி 210 சென்டிமீட்டரில். மீன் இரண்டரைக் கிலோ விசையில் செங்குத்தாக இழுத்தால் முன்கை தாங்க வேண்டியது பதினேழரைக் கிலோ. கம்பு நன்றாக வளைந்து, விசை விழும் தூரம் 120 சென்டிமீட்டராகக் குறைந்தால் கைக்கு வருவது பத்து கிலோதான். வளையும் கம்பு மீனின் நெம்புகோலைத் தானே குட்டையாக்கிக்கொள்கிறது. விறைப்பான கம்பு மீனைக் களைக்கச் செய்யும் என்று எண்ணி வாங்குகிறவர் பெரும்பாலும் தன் கையைத்தான் களைக்கச் செய்கிறார்.

இத்தனை கணக்கும் மீன் தண்ணீரில் இருக்கும்வரை. தண்ணீருக்குள் விராலின் எடை கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அதன் இழுப்பு முழுவதும் தசை வலு. கல் பதித்த சரிவான கரையில் அதைத் தூக்கும் கணத்தில்தான் முழு எடையும் தொங்குகிறது, துள்ளலும் சேர்கிறது. கண்மாய்க் கரைகளில் உடைகிற கம்புகளில் பல இங்கேதான் உடைகின்றன. கம்பை நெட்டுக்குத்தாக நிமிர்த்தி மீனைக் காலடியில் தூக்கும்போது வளைவு முழுவதும் நுனியின் கடைசிச் சாணில் விழுகிறது. அடிப்பகுதியின் வலு எதற்கும் உதவாமல் நிற்கிறது. கம்பைத் தாழ்த்தி, நரம்பைக் கையால் பிடித்து ஏற்றுவது அல்லது ஒரு வலைக்கரண்டி வைத்துக்கொள்வது கம்பையும் மீனையும் காப்பாற்றும். வளைகோணம் தொண்ணூறு பாகையைத் தாண்டக் கூடாது என்பது கம்பு செய்கிறவர்களின் பொது எச்சரிக்கை.

இனி, கம்பு எதனால் ஆனது என்பது. மூங்கில் இதில் மூத்தது. அதன் நார்க்கற்றைகள் உள்ளே குறைவாகவும் வெளித்தோல் ஓரம் நெருக்கமாகவும் இருக்கும். வளைக்கும்போது அதிக இழுவிசை விழுவதும் அந்த வெளி ஓரத்தில்தான். 19-ஆம் நூற்றாண்டில் மேல்நாட்டுக் கம்புக்காரர்கள் இந்தியாவிலிருந்து போன மூங்கிலைக் கல்கத்தா கேன் என்ற பெயரில் வாங்கி, கீறி, பட்டைகளாக ஒட்டிக் கம்பு செய்தார்கள். சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-ல் ‘தி ராட் இன் இந்தியா’ என்ற நூலையும், 1887-ல் ‘டேங்க் ஆங்கிலிங் இன் இந்தியா’ என்ற நூலையும் எழுதினார். இரண்டாவது நூல் முழுக்க ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நார்க்கண்ணாடி வந்தது. எளிதில் உடையாது, ஆனால் கனம். 1960-களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வகத்தில் உருவான வலுவான கார்பன் இழை, 1973-ல் அமெரிக்காவின் ஃபென்விக் நிறுவனம் மூலம் தூண்டில் கம்பாகச் சந்தைக்கு வந்தது. அதே எடையில் நார்க்கண்ணாடியைவிட மூன்று மடங்குக்கும் மேல் விறைப்பு தருவது அது.

கார்பன் கம்புகளில் 24 டன், 30 டன், 40 டன் என்று போட்டிருப்பதைப் பார்த்து அத்தனை வலு என்று நினைப்பவர் உண்டு. அது இழையின் விறைப்பு எண். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை டன் என்ற மீள்மைக் கெழு. எண் கூடக் கூடக் கம்பு மெலிதாகவும் லேசாகவும் உணர்ச்சியோடும் இருக்கும், அதோடு அடிபட்டால் பொடுக்கென்று முறியும் குணமும் கூடும். பைக்கில் கட்டி, கருவேலங்காட்டில் இழுத்துக்கொண்டு போகிற விரால் கம்புக்கு 24 டன்னே போதும். நார்க்கண்ணாடி கொஞ்சம் கலந்த கம்பானால் இன்னும் நல்லது.

கடையில் சோதிக்கச் சுலபமான வழி உண்டு. கம்பின் வளையங்கள் வழியே நரம்பை ஓட்டி, நுனியில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டு மெதுவாகத் தூக்க வேண்டும். அரைக் கிலோ எடைக்கு நுனி மட்டும் வளைந்து நடுப்பகுதி நிமிர்ந்து நின்றால் அது தவளைக்கு ஏற்றது. பாதிக் கம்பு வில்லாக வளைந்தால் தகட்டுக்கு. வளைவு சீராக ஓடாமல் இரண்டு துண்டு சேரும் மூட்டில் ஒரு கோணம் தெரிந்தால் அந்தக் கம்பை வைத்துவிடலாம். வளையங்களின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்துப் பார்ப்பதும் உதவும். பஞ்சு சிக்கினால் பிரெய்டு நரம்பு அங்கே தேய்ந்து அறும். மலிவுக் கம்புகளில் அச்சிட்ட கிராம் கணக்குக்கும் உண்மைக்கும் உள்ள இடைவெளி சில சமயம் இருமடங்குகூட இருக்கும்; பாட்டில் பொய் சொல்வதில்லை.

ரீலும் இதே கணக்கில் சேரும். கம்புக்குக் கீழே தொங்கும் ஸ்பின்னிங் ரீல் 5, 6 கிராம் இரையையும் தடையின்றி விடும். மேலே உட்காரும் பெய்ட்காஸ்டிங் ரீலில் உருளையே சுழல வேண்டும். அதைச் சுழற்றும் அளவுக்கு இரைக்கு எடை வேண்டும், இல்லையென்றால் நரம்பு சிக்குப் பின்னிக்கொள்ளும். 10 கிராமுக்கு மேற்பட்ட தவளைக்கு அது நல்ல துணை. செடிக்குள்ளிருந்து மீனை அள்ளி இழுக்க அதன் வலு உதவும்.

ஒரே கம்புதான் வாங்க முடியும் என்றால் கண்மாயின் பருவத்தைப் பார்த்து முடிவுசெய்யலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் கண்மாய் பெருகி, கரையோரப் புல்லும் செடியும் மூழ்கிக் கிடக்கும் மாதங்களில் தவளையைத் தவிர வேறு எதுவும் உருப்படியாக ஓடாது. மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுக்கூட்டம் நீர்ப்பரப்பில் கொதிப்பதுபோல் திரிந்தால் அடியில் பெற்றோர் காவல் நிற்கின்றன. அவை குஞ்சைக் காக்க எதையும் தாக்கும் என்பதால் எளிதில் பிடிபடும், பிடித்துவிட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகும். விவரம் தெரிந்தவர்கள் அந்த இடத்தில் வீசுவதில்லை. தை, மாசியில் நீர் வற்றி நடுவே திறந்த தண்ணீர் தெரியும்போது தகட்டுக்கு இடம் கிடைக்கும். சித்திரைக்குப் பின் மேலூர், நத்தம், சிங்கம்புணரிப் பக்கம் மீன்பிடித் திருவிழா அறிவிப்பு வந்துவிட்டால் ஊத்தா, கச்சா போன்ற மீன்பிடிக் கருவிகளுக்குத்தான் வேலை. தூண்டில் கம்பை வீட்டில் வைத்துவிடலாம். ஆண்டின் பெரும்பகுதி தவளைக்காலம் என்பதால் ஆறடி எட்டு அங்குலம் அல்லது ஏழு அடி, எம்ஹெச், ஃபாஸ்ட், 7 முதல் 28 கிராம் என்ற கம்பு முதல் வாங்கலுக்குப் பொருத்தம். இரண்டாவது கம்புக்குப் பணம் சேரும்போது எம் பவர், மாடரேட். பல கண்மாய்களில் மீன்பாசி குத்தகைக்கு விடப்பட்டிருக்கும்; எந்தக் கம்பானாலும் குத்தகைதாரரின் சம்மதம் இல்லாமல் நரம்பை நனைக்க முடியாது.

டவுன் பஸ்ஸிலும் பைக்கிலும் போகிறவர்களுக்கு இரண்டு துண்டுக் கம்பே நடைமுறை. துண்டுகளை மாட்டும்போது வளையங்கள் நேராக நிற்கத் திருப்பி அழுத்த வேண்டும். மூட்டில் மணல் புகுந்தால் குழாய் கீறி அங்கிருந்தே பிளக்கும். கார்பன் பற்றி ஒன்று மட்டும் பொடி எழுத்தில்தான் அச்சிடப்பட்டிருக்கும்: அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். நூற்றுக்கணக்கான கண்மாய்களின் கரைமேலும் உள்வாய்மேலும் மின்கம்பிகள் தாழ்வாகப் போகின்றன. ஒன்பது அடிக் கம்பை உயர்த்தி வீசினால் நுனி பதினைந்து அடியைத் தாண்டும், ஈர நரம்பு இன்னும் மேலே பறக்கும். கோடை மழைக்கு முன்னோடியாக மாலையில் இடி இறங்கும் நாட்களில், வெட்ட வெளிக் கரையில் உயர்ந்து நிற்கும் ஒரே பொருளும் அந்தக் கம்பாகத்தான் இருக்கும். மின்கம்பிக்குக் கீழே வீசக் கூடாது. முதல் இடி கேட்டதுமே கம்பைத் தரையில் கிடத்திவிட்டுக் கரையை விட்டு இறங்கி, பக்கத்து ஊர்க் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.